வீட்டுக்குள்ளே ஓர் ‘அனுமதி மறுப்பு’

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. பேச்சு பெரும்பாலும் பேசியபடியே தரப்படுகிறது.)



என்னை ‘தொழில்நுட்பம் பற்றிப் பேசு’ என்று செயலாளர் அண்ணன் கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். நான் சிவில். 2010இல் இந்தக் கல்லூரியை விட்டுப் போனவன். சிமெண்டு, கம்பி, ஜல்லி பற்றி என்னால் ஒரு மணி நேரம் பேச முடியும். ஆனால் நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. இன்ஜினியரிங் படித்துவிட்டால் போதும், மிக்ஸி ஓடவில்லை என்றாலும் நாம்தான், கம்ப்யூட்டர் ஓடவில்லை என்றாலும் நாம்தான். “நீ இன்ஜினியர்தானே?” என்ற கேள்விக்கு மறுபேச்சு கிடையாது. அப்படி நான் மாட்டிக்கொண்ட ஒரு கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன். வீட்டில் இருக்கும் இரண்டே இரண்டு கணிப்பொறிகளுக்கு நடுவே கோப்புகளைப் பகிர்ந்துகொள்வது. அவ்வளவுதான் விஷயம். அதில் நான் செய்த ஒரு தப்பு எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

என் அப்பா ஓய்வு பெற்ற உயர்நிலைப் பள்ளி வரலாற்று ஆசிரியர். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு ஒரே பைத்தியம், எங்கள் பக்கத்து ஏரிகள். எந்த ஏரிக்கு எத்தனை மதகு, கலிங்கு எந்தப் பக்கம், எந்த வாய்க்காலுக்கு என்ன பெயர், தண்ணீர் எந்த முறையில் பங்கு பிரிந்தது, இதையெல்லாம் ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்தார். 2009இல் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி வாங்கிக் கொடுத்தேன். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போவார். மடை திறந்து விட்ட நீர்க்கட்டிகள், அந்தக் கால மணியக்காரர் வீட்டுப் பிள்ளைகள், களத்துமேட்டுப் பாட்டிமார்கள் என்று 62 பேருடைய குரல். அதில் பாதிப்பேர் இன்று உயிரோடு இல்லை.

இவை எல்லாம் கீழ் அறையில் அப்பாவின் பழைய டெஸ்க்டாப்பில் இருந்தன. மாடியில் என் மனைவியின் லேப்டாப். அப்பா எழுதுவதை அவள் பிழை திருத்தித் தருவாள். முதலில் பென் டிரைவில்தான் போக்குவரத்து நடந்தது. மூன்று மாதத்தில் ‘ஏரி கடைசி’, ‘ஏரி கடைசி 2’, ‘ஏரி உண்மையான கடைசி’ என்று மூன்று கோப்புகள். எது கடைசி என்று மாமனாருக்கும் தெரியாது, மருமகளுக்கும் தெரியாது. “ஏங்க, ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரே வீட்டுலதானே இருக்கு, நேரா திறக்க முடியாதா?” என்று அவள் கேட்டாள். 2022ஆம் வருஷம், ஒரு சனிக்கிழமை ராத்திரி. “அரை மணி நேர வேலை” என்று சொல்லி உட்கார்ந்தேன்.

முதலில், மாடியிலிருந்து பார்த்தால் கீழே ஒரு கணிப்பொறி இருப்பதே தெரியவில்லை. நெட்வொர்க் பாதையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரு செய்தி, கூடவே 80070035 என்று முடியும் ஓர் எண். இங்கே மாணவத் தம்பிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘பாதை தெரியவில்லை’ என்பது ஒரு வியாதி. ‘அனுமதி இல்லை’ என்பது வேறு வியாதி. பாதை தெரியாதபோது அனுமதிகளை மாற்றி மாற்றிப் பார்ப்பது, பஸ்ஸே வராத ஊரில் டிக்கெட் விலையைக் குறைத்த மாதிரி. நான் முக்கால் மணி நேரம் அதைத்தான் செய்தேன்.

காரணம் சாதாரணமானது. விண்டோஸ் ஒவ்வொரு நெட்வொர்க்கையும் ‘பொது’ என்றோ ‘தனியார்’ என்றோ குறித்து வைத்துக்கொள்ளும். பொது என்றால் ரயில்வே ஸ்டேஷன், காபிக் கடை மாதிரி. அங்கே உங்கள் கணிப்பொறி தன்னை யாருக்கும் காட்டிக்கொள்ளாது, யாரையும் உள்ளே விடாது. எங்கள் வீட்டு வைஃபையை அப்பாவின் கணிப்பொறி பொது இடம் என்று குறித்து வைத்திருந்தது. ‘தனியார்’ என்று மாற்றி, கோப்புப் பகிர்வை இயக்கியதும் கதவு தெரிந்தது. இன்னொன்று. கணிப்பொறியின் பெயரைப் போட்டு வராவிட்டால் 192.168.1.5 என்பது போன்ற அதன் ஐ.பி. முகவரியைப் போட்டுப் பாருங்கள். முகவரிக்கு வந்து பெயருக்கு வரவில்லை என்றால், சிக்கல் பெயரைத் தேடும் இடத்தில்தான். ‘பிங்’ அடித்துப் பதில் வரவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள், ஃபயர்வால் அதையும் தடுத்து வைத்திருக்கலாம்.

கதவு தெரிந்தது. இப்போது யார் நீ என்று கேட்டது. அப்பாவின் பெயரைப் போட்டேன். பாஸ்வேர்டு? அப்பா பாஸ்வேர்டே வைக்கவில்லை. “என் வீட்டுல என் பொருளுக்கு எதுக்குப்பா பூட்டு?” என்பது அவர் கொள்கை. காலியாக விட்டு எண்டர் தட்டினால் ஏற்கவில்லை. சரி என்று நான்கு இலக்க ‘பின்’ எண் ஒன்றை வைத்து அதைப் போட்டேன். அதையும் ஏற்கவில்லை.

இரண்டுமே நியாயமான மறுப்புகள்தான். பாஸ்வேர்டு இல்லாத கணக்கை, அந்தக் கணிப்பொறியின் முன்னால் நேரில் உட்கார்ந்தால் மட்டுமே விண்டோஸ் அனுமதிக்கும், நெட்வொர்க் வழியாக விடாது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே இதுதான் இயல்பான அமைப்பு. பின் எண்ணோ அந்த ஒரு இயந்திரத்தைத் திறக்க மட்டும் உள்ள சாவி. வெளியிலிருந்து வருகிறவருக்குக் கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு வேண்டும். ஆகவே அப்பாவின் கணிப்பொறியில் என் மனைவிக்கென்று தனியாக ஒரு கணக்கு, அதற்கு ஒரு பாஸ்வேர்டு. உள்ளே போயாயிற்று.

அப்புறம்தான் அசல் வேடிக்கை. ஃபோல்டர் தெரிகிறது. சில கோப்புகள் திறக்கின்றன. சில கோப்புகள் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்கின்றன. ஒரே ஃபோல்டர், ஒரே ஆள், ஒரே ராத்திரி!

நம் ஹாஸ்டலை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்டில் வாட்ச்மேன் அண்ணன். உள்ளே அறைக்கு அறை பூட்டு. வெளியிலிருந்து வருகிறவர் இரண்டையும் தாண்ட வேண்டும். வாட்ச்மேன் விட்டாலும் அறை பூட்டியிருந்தால் வராந்தாவில் நிற்க வேண்டியதுதான். அறை திறந்தே கிடந்தாலும் வாட்ச்மேன் விடாவிட்டால் ரோட்டில் நிற்க வேண்டியதுதான். ஆனால் ஏற்கெனவே ஹாஸ்டலுக்குள் இருப்பவனுக்கு வாட்ச்மேன் ஒரு பொருட்டே இல்லை, அறைப் பூட்டு மட்டும்தான் கணக்கு. (ராத்திரி பத்து மணிக்கு மேல் வாட்ச்மேன் அண்ணன் எங்களை எப்படி விட்டார் என்பதை வார்டன் சார் முன் வரிசையில் இருப்பதால் இங்கே சொல்ல இயலவில்லை.)

விண்டோஸில் வாட்ச்மேன் என்பது பகிர்வு அனுமதி. அறைப் பூட்டு என்பது டிஸ்க்கிலேயே ஒவ்வொரு கோப்போடும் ஒட்டியிருக்கும் அனுமதி. 1993இல் விண்டோஸ் என்.டி.யோடு வந்த என்.டி.எஃப்.எஸ். அமைப்பு அது. நெட்வொர்க் வழியாக வருகிறவருக்கு இரண்டில் எது கண்டிப்பானதோ அதுதான் செல்லும். வாட்ச்மேனிடம் மட்டும் சொல்லிவிட்டு நான் பூட்டை மறந்துவிட்டேன்.

அப்படியென்றால் சில கோப்புகள் மட்டும் எப்படித் திறந்தன? அப்பாவின் டி டிரைவ் டிஸ்க் அதற்கு முந்தைய கணிப்பொறியிலிருந்து கழற்றி மாட்டியது. கணக்குகளை விண்டோஸ் பெயரால் அடையாளம் வைப்பதில்லை, எஸ்-1-5-21 என்று தொடங்கும் ஒரு நீண்ட எண்ணால் வைக்கிறது. பழைய கணிப்பொறியில் இருந்த ‘அப்பா’வும் புதிய கணிப்பொறியில் உள்ள ‘அப்பா’வும் அதற்கு இரு வேறு ஆட்கள். பழைய கோப்புகளின் அனுமதிப் பட்டியலைத் திறந்தால், பெயருக்குப் பதில் அந்த எண் மட்டும் அநாதையாக நின்றது. புதிய கணிப்பொறிக்கு வந்தபின் அப்பா எழுதிய கோப்புகளில் நான் அன்று கொடுத்த அனுமதி படிந்தது. பழையவற்றில் படியவில்லை.

“நான் எல்லாத்தையும் திறந்துக்கிட்டுத்தானே இருக்கேன்?” என்றார் அப்பா. அதற்கும் காரணம் உண்டு. நேரில் உட்கார்ந்து திறக்கும்போது, அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை உள்ளவரிடம் ‘தொடரவா?’ என்று ஒரு பெட்டி கேட்கும். தொடர் என்றால் அந்த ஃபோல்டரில் அவர் பெயரை நிரந்தரமாகச் சேர்த்துவிடும். அப்பா வருஷக்கணக்காக அதை அமுக்கிக்கொண்டே வந்திருக்கிறார். நெட்வொர்க் வழியாக வருகிறவரிடம் அப்படிக் கேட்பதில்லை. நேரே மறுப்புதான்.

இது இவ்வளவு தெளிவாக எனக்கு அன்று ராத்திரி புரியவில்லை. பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்று மணி பதினொன்றரை, ‘அரை மணி நேர வேலை’ நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. கீழே அப்பா தூங்கப் போய்விட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்வதைத்தான். ‘எவரிஒன்’, அதாவது எல்லோருக்கும், ‘ஃபுல் கண்ட்ரோல்’. வாட்ச்மேனிடமும் அதே, பூட்டிலும் அதே, உள்ளே இருக்கும் எல்லா ஃபோல்டருக்கும் அதே. இசட் டிரைவ் என்று மனைவியின் லேப்டாப்பில் நிரந்தரமாக மாட்டிவிட்டேன். எல்லாம் திறந்தது. வெற்றிப் புன்னகையோடு படுத்துக்கொண்டேன். ‘காலையில் ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம்’ என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அந்தக் காலை மூன்று வாரம் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் அப்பா மாடிப்படியில் பாதி ஏறி நின்று கூப்பிட்டார். “தம்பி, குரல் ஃபோல்டர் எங்கப்பா போச்சு?”

விசாரித்ததில் தெரிந்தது இது. முந்தைய நாள் என் மகன், அப்போது ஆறு வயது, அம்மாவின் லேப்டாப்பில் படம் வரைந்திருக்கிறான். யானைப் படம். அதைத் தாத்தாவின் பெட்டியில் வைத்தால் தாத்தா பார்ப்பார் என்று இசட் டிரைவைத் திறந்திருக்கிறான். அங்கே முதலில் நின்றது குரல் ஃபோல்டர். யானை முதலில் நிற்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. டெலிட். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டிருக்கிறது, எண்டர். முடிந்தது.

ரீசைக்கிள் பின்னில் இருக்கும் என்று ஓடினேன். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. நெட்வொர்க் வழியாக அழித்தது குப்பைத் தொட்டிக்குப் போகாது, நேரே போய்விடும் என்பதைச் சிவில் படித்த நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். சிஎஸ்ஈ தம்பிகள் சிரிக்கலாம்.

நகல்? இருந்தது, அதே டிஸ்க்கின் இன்னொரு மூலையில், முதல் இருபது பதிவுகளுக்கு மட்டும். அது நகல் எடுத்த கணக்கிலேயே சேராது.

ஒரே ஒரு காரியத்தை மட்டும் சரியாகச் செய்தேன். உடனே கணிப்பொறியை அணைத்தேன். ஒரு கோப்பை அழித்தால் அதன் உள்ளடக்கம் உடனே அழிவதில்லை. ‘இந்த இடம் காலி’ என்று டிஸ்க்கின் பட்டியலில் குறிக்கப்படுகிறது, அவ்வளவே. அதன் மேல் வேறு எதுவும் எழுதப்படும் வரை பழையது அங்கேதான் கிடக்கும். அந்த நேரத்தில் மீட்பு சாஃப்ட்வேரை அதே டிஸ்க்கில் இறக்கினால் நம் கையாலேயே அதன் மேல் எழுதியவர்கள் ஆவோம். என் ஹாஸ்டல் அறைத் தோழன் ஒருவன், இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறான், பெயர் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறான், மறுநாள் லீவு போட்டுவிட்டு வந்தான். டிஸ்க்கைக் கழற்றித் தன் கணிப்பொறியில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, அதில் எதையும் எழுதாமல் படித்து, மீட்டதை வேறொரு டிஸ்க்கில் சேமித்தான். அது பழைய ஹார்டு டிஸ்க்காக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். இப்போதைய எஸ்.எஸ்.டி.யாக இருந்திருந்தால், அழித்த இடத்தை அது தானே சுத்தம் செய்துவிடும் பழக்கம் உள்ளது. பெரும்பாலும் ஒன்றும் கிடைத்திருக்காது.

62 பதிவுகளில் 55 முழுசாகக் கிடைத்தன. 4 பாதி. 3 இல்லவே இல்லை. நடுவில் இருந்த ஒரு நாளில் அப்பா தன் போனிலிருந்து கல்யாணப் போட்டோக்களை அதே டிரைவில் ஏற்றியிருந்தார். அவை போய் உட்கார்ந்த இடம் அது.

அப்பா என்னைத் திட்டவில்லை. பேரனையும் திட்டவில்லை. ராத்திரி சாப்பிடும்போது ஒன்றுதான் கேட்டார். “ஏம்ப்பா, அவ பாக்கப்போறது எழுத்துப் பிழை. குரலை அழிக்கிற உரிமை அவளுக்கு எதுக்குக் கொடுத்தே?” முப்பது வருஷம் கேள்வித்தாள் பீரோ சாவியை இடுப்பில் செருகியிருந்தவர். என்னிடம் பதில் இல்லை. பிழை திருத்த வேண்டியது எழுத்து ஃபோல்டர் மட்டும். குரல் ஃபோல்டரில் ‘படிக்க மட்டும்’ என்று ஒரு குறி போட்டிருந்தால், மகன் டெலிட்டை எத்தனை தடவை அமுக்கியிருந்தாலும் அன்று நாங்கள் சபித்த அதே ‘அனுமதி மறுக்கப்பட்டது’ வந்து நின்றிருக்கும்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை முறையாக உட்கார்ந்தேன். பகல் வெளிச்சத்தில், சாப்பிட்டுவிட்டு. முதலில் பழைய எண்ணின் பெயரில் இருந்த கோப்புகளின் உடைமையை அப்பாவின் கணக்குக்கு மாற்றினேன். உடைமைக்குப் பிறகுதான் அனுமதி, வரிசை மாறினால் பாதியில் மறுக்கும். பிறகு ‘எவரிஒன்’னை இரண்டு இடத்திலிருந்தும் எடுத்தேன். வாட்ச்மேனிடம் மனைவியின் கணக்குக்கு மட்டும் ‘சேஞ்ச்’. நுணுக்கமான வேலையைப் பூட்டில்: எழுத்துக்கு ‘மாடிஃபை’, படத்துக்கும் குரலுக்கும் ‘ரீட்’. உள் ஃபோல்டர்கள் மேலிருந்து அனுமதியைப் பெற்றுக்கொள்ளும்படி விட்டேன். இதையெல்லாம் அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும்தான் செய்ய வேண்டும். ஆர்வக்கோளாறில் சி டிரைவ் முழுவதற்கும் உடைமையையும் அனுமதியையும் மாற்றி அமைக்கப் போனால், விண்டோஸையே மறுபடி போட வேண்டி வரலாம்.

எல்லாம் சரியாக வைத்தும் மனைவியின் லேப்டாப் அன்று மாலை அடம் பிடித்தது. ஒரே சர்வருக்கு ஒரே ஆள் இரண்டு பெயர்களில் நுழைய முடியாது என்று 1219 எண் பிழை. நடுவில் சோதித்துப் பார்க்க நான் அப்பாவின் பெயரில் ஒரு தடவை நுழைந்திருந்தேன், அந்த இணைப்பு உயிரோடு இருந்தது. கூடவே கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய பாஸ்வேர்டும் சேமித்துக் கிடந்தது. ‘நெட் யூஸ்’ கட்டளையில் பழைய இணைப்பை நீக்கி, சேமித்ததையும் அழித்து, ஒரு தடவை வெளியேறி உள்ளே வந்ததும் சரியாயிற்று. அனுமதியை மாற்றியபின் பழையபடியே நடக்கிறதென்றால் முதலில் இந்தச் சந்தேகம் வரட்டும்.

பேச்சுக்குப் பின் சிலர் கேட்ட கேள்விகளையும் சேர்த்துவிடுகிறேன். ‘ஹோம்குரூப் என்று சுலபமாக ஒன்று இருந்ததே?’ என்றார் ஒரு மூத்த அண்ணன். 2009இல் விண்டோஸ் 7உடன் வந்தது, 2018இல் விண்டோஸ் 10லிருந்து எடுத்துவிட்டார்கள். பழைய டிவிப் பெட்டி ஒன்று படிக்க மாட்டேன் என்கிறது, எஸ்.எம்.பி. 1ஐ மறுபடி போட்டால் படிக்கிறது, போடலாமா என்று இன்னொருவர். வேண்டாம் என்பேன். 2017 மே மாதம் வான்னாகிரை உலகம் முழுக்கப் பரவி பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளைக்கூட முடக்கியது அந்தப் பழைய ஏற்பாட்டின் ஓட்டை வழியாகத்தான். இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், அதற்குத் திருத்தம் வந்திருந்தும் பலர் போடவில்லை. லினக்ஸ் வைத்திருக்கும் தம்பிகளுக்கும் தப்பில்லை, சாம்பாவிலும் இரண்டு பூட்டுதான். அதன் அமைப்புக் கோப்பில் எழுத அனுமதித்துவிட்டு, டிஸ்க்கில் உள்ள ஃபோல்டர் அனுமதியை மறந்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். ‘இதெல்லாம் எதற்கு, இணையத்தில் ஏற்றிவிட வேண்டியதுதானே?’ என்றாள் ஒரு தங்கை. ஏற்றலாம். அங்கேயும் ‘இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறதல்லவா, என் ‘எவரிஒன்’னின் ஒன்றுவிட்ட தம்பி அது.

இப்போது வெளியே ஒரு தனி டிஸ்க்கில் மாதம் ஒரு தடவை நகல் எடுத்து, கழற்றி, அப்பாவின் பீரோவில் வைக்கிறோம். சாவி அவரிடம்.

போன மூன்று பதிவுகளில் இரண்டுக்கு அப்பாவின் நோட்டுப் புத்தகத்தில் முழுக் குறிப்பு இருந்தது. மூன்றாவதற்குச் சரியான குறிப்பு இல்லை. பாதி கிடைத்த நான்கில் ஒன்று, 2019இல் காலமான ஒரு நீர்க்கட்டியுடையது. பஞ்ச காலத்தில் எந்த மடையை எத்தனை நாழிகை திறந்தோம் என்று சொல்லிக்கொண்டே வருவார். ஐந்தாவது நிமிஷத்தில் குரல் நின்று இரைச்சல் தொடங்கும். அப்பா அதைப் பத்து நாள் திரும்பத் திரும்பக் கேட்டு, மீதியை எழுதி முடித்தார். புத்தகம் இப்போது இரண்டாவது புரூஃபில் இருக்கிறது. அந்த அத்தியாயத்தில் ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டு, ‘இதற்கு மேல் உள்ளது என் நினைவிலிருந்து’ என்று அப்பா எழுதியிருக்கிறார். மனைவி அதைத் திருத்தவில்லை.